ஏழாம் மாதக் குழந்தை: குறைப்பிரசவமும் குழந்தையின் மூளையும் - ஒரு வரலாற்றுப் பார்வை

"ஏழாம் மாசத்துப் புள்ள பொழைக்கும், எட்டாம் மாசத்துப் புள்ள பொழைக்காது." நம் கிராமங்களில் இதைக் கேட்காதவர்கள் மிகக் குறைவு. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் உள்ள ஊர் உத்தனப்பள்ளி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் எல்லைப் பகுதி அது. ஒரு பக்கம் ரோஜாவும் தக்காளியும் விளையும் நிலம், இன்னொரு பக்கம் தொழிற்சாலைகள். ஷிப்ட் பஸ்கள் ஓடும் இந்தச் சாலையில் வாழும் குடும்பங்களுக்கும், நூறு ஆண்டுகளுக்கு முன் மாட்டுவண்டியில் போன குடும்பங்களுக்கும் பொதுவான பயம் ஒன்று உண்டு. மாதம் முடியும் முன் வலி வந்துவிட்டால் என்ன செய்வது?

குழந்தை பிழைக்குமா என்பது முதல் கேள்வி. பிழைத்தால் நன்றாக நடக்குமா, பேசுமா, படிக்குமா என்பது இரண்டாவது கேள்வி. இதற்கெல்லாம் யார் காரணம் என்பது மூன்றாவது கேள்வி. கடைசிக் கேள்விக்கு நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே பதில்தான். தாய்! கிரகணத்தன்று வெளியே வந்தாள், பப்பாளி தின்றாள், பாரம் தூக்கினாள், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை... இந்தப் பதில் சரியா என்று பார்க்க வேண்டுமானால், மருத்துவ உலகம் இதே கேள்வியோடு சுமார் 160 வருடங்கள் எப்படிப் போராடியது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எட்டாம் மாத பயம் எங்கிருந்து வந்தது?

இது நம் ஊர் நம்பிக்கை மட்டும் அல்ல. பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றியே தனியாக ஒரு நூல் இருக்கிறது. அதுவும் இதையேதான் சொல்கிறது. நம் நாட்டின் சரக சம்ஹிதையும் எட்டாம் மாதத்தில் 'ஓஜஸ்' என்னும் உயிர்ச்சத்து தாய்க்கும் சேய்க்கும் இடையே நிலையில்லாமல் இருக்கும், அதனால் அந்த மாதம் பிறப்பது ஆபத்து என்று கூறுகிறது.

உண்மை இதற்கு நேர்மாறானது. வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். எட்டாம் மாதத்தில் பிறக்கும் குழந்தை ஏழாம் மாதத்தில் பிறக்கும் குழந்தையை விடப் பிழைக்க அதிக வாய்ப்பு உள்ளது. அந்தக் காலத்தில் வாரக் கணக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது. பிழைத்த குழந்தையைப் பார்த்து 'இது ஏழு மாதம்' என்றும், இறந்ததைப் பார்த்து 'இது எட்டு மாதம்' என்றும் பின்னால் கணக்கு எழுதியிருக்கலாம்.

இந்த நம்பிக்கையால் நிஜமான நஷ்டம் உண்டு. எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தையைப் பார்த்து "இது தங்காது" என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டால், பாலும் சூடும் மருத்துவமும் அதற்குத் தாமதமாகத்தான் கிடைக்கும். பிறகு அந்தக் குழந்தை இறந்தால் நம்பிக்கை உண்மையாகிவிடும்.

குறைமாதம் என்றால் எவ்வளவு?

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் முழுக் கர்ப்ப காலம் 40 வாரங்கள். 37 வாரங்கள் முடிவதற்கு முன் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. 28 வாரத்துக்கு முன் பிறப்பது மிக மிகக் குறைமாதம். 28 முதல் 32 வரை மிகக் குறைமாதம். 32 முதல் 37 வரை மிதமான குறைமாதம். பெரும்பாலான குறைமாதக் குழந்தைகள் இந்தக் கடைசிப் பிரிவில்தான் வருகிறார்கள்.

ஆரம்பத்தில் வாரம் பார்த்து அல்ல, எடை பார்த்துத்தான் கணக்கிட்டார்கள். பின்லாந்து மருத்துவர் ஆர்வோ யூல்ப்போ 1919ல் 2500 கிராம் என்ற அளவைச் சொன்னார். 1948ல் உலக அளவிலும் அதுவே குறைமாதத்தின் அடையாளமாக ஏற்கப்பட்டது. இந்தியா போன்ற நாடுகளுக்கு இது பொருந்தவில்லை. இங்கே முழு மாதம் வயிற்றில் இருந்தும், தாயின் ரத்தசோகையாலும் சத்துக் குறைவாலும் 2 கிலோவோடு பிறக்கும் குழந்தைகள் ஏராளம். எனவே 1961ல் உலக சுகாதார நிறுவனம் 'எடை குறைவு' என்பதையும் 'மாதம் குறைவு' என்பதையும் இரண்டாகப் பிரித்தது.

2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக 2023ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அதில் இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம். எண்ணிக்கையில் உலகிலேயே முதலிடம் நமக்குத்தான். பெருமைப்பட வேண்டிய முதலிடம் அல்ல!

லண்டனில் தொடங்கிய வழக்கு

1861ல் லண்டன் மகப்பேறு மருத்துவர் சங்கத்தில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற எலும்பு மருத்துவர் ஒரு கட்டுரை படித்தார். கை கால்கள் விறைத்து, கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டு நடக்க முடியாமல் தவிக்கும் குழந்தைகளை அவர் பல வருடங்களாகக் கவனித்து வந்தவர். அவரும் சிறு வயதில் கால் பாதிக்கப்பட்டவரே. இந்தக் குழந்தைகளில் பலர் குறைமாதத்தில் பிறந்தவர்கள், அல்லது பிரசவத்தின்போது மூச்சுத் திணறியவர்கள் என்பது அவருக்குத் தெரிய வந்தது. பிறக்கும் நேரத்தில் நடக்கும் கோளாறே மூளையைப் பாதிக்கிறது என்றார். நாம் இன்று மூளை முடக்குவாதம் என்று சொல்லும் குறைபாட்டுக்கு நீண்ட காலம் 'லிட்டில் நோய்' என்றே பெயர்.

இதை எதிர்த்து வாதாடியவர் யார் தெரியுமா? சிக்மண்ட் பிராய்டு! கனவுகளைப் பற்றி எழுதிப் புகழ் பெறுவதற்கு முன் அவர் நரம்பியல் மருத்துவராக இருந்தார். 1897ல் குழந்தைகளின் மூளை வாதம் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். கஷ்டமான பிரசவம் காரணமாக இல்லாமல் விளைவாகவும் இருக்கலாம், கருவிலேயே ஏதோ பாதிப்பு ஏற்பட்டதால்தான் பிரசவமே சிக்கலாகிறதோ என்று கேட்டார்.

பிரசவத்திலா, கருவிலா? இந்த ஒரு கேள்விதான் அடுத்த நூறு வருட ஆராய்ச்சியின் அச்சாணி எனலாம். பிராய்டின் பேச்சை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிட்டில் சொன்னதே பாடப்புத்தகம் ஆனது.

கோழிக்குஞ்சுப் பெட்டி

அதே காலத்தில் பாரிஸ் நகரில் ஸ்டெபான் டார்னியே என்ற பிரசவ மருத்துவர் மிருகக்காட்சி சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் சூட்டுப் பெட்டியைப் பார்த்தார். இதே போல் ஒன்றைக் குழந்தைகளுக்குச் செய்தால் என்ன என்று தோன்றியது. 1880ல் பாரிஸ் மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெட்டிகள் வந்தன. 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளின் இறப்பு அங்கே 66 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாகக் குறைந்தது. மருந்து எதுவும் இல்லை, வெறும் சூடுதான்!

குறைமாதக் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு இல்லை. உடல் சீக்கிரம் குளிர்ந்து போகும். குளிர்ந்தால் சர்க்கரை குறையும், மூச்சு தடுமாறும். ஆனால் மருத்துவமனைகள் இந்தச் செலவை ஏற்கத் தயங்கின. மார்ட்டின் கௌனி என்பவர் கண்காட்சிகளில் பெட்டிக்குள் குழந்தைகளை வைத்து, பார்க்க வருபவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் வைத்தியம் செய்தார். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1903 முதல் 1943 வரை இது நடந்தது. பெற்றோரிடம் ஒரு காசு கூட வாங்கவில்லை. ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தார்கள்.

ஏழை நாடுகளுக்கான விடை 1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவிலிருந்து வந்தது. பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் பல குழந்தைகளைப் படுக்க வைக்க வேண்டிய நிலை. மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகக் கட்டி வைக்கச் சொன்னார். இதுதான் கங்காரு முறை. 2021ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், பிறந்த உடனேயே இந்த முறையைத் தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று தெரிந்தது. அந்த ஆய்வு நடந்த இடங்களில் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் ஒன்று.

நல்லது செய்யப் போய்...

1940களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். குழந்தைகள் பிழைத்தன, பலருக்குக் கண் போனது. 1942ல் பாஸ்டனில் தியோடர் டெர்ரி இந்தக் கண் நோயை விவரித்தார். அதிகப்படியான ஆக்சிஜன்தான் காரணமாக இருக்கும் என்று 1951ல் மெல்போர்ன் மருத்துவர் கேட் காம்பெல் சுட்டிக் காட்டினார். சில வருடங்களில் ஆய்வுகள் அதை உறுதி செய்தன. அதற்குள் உலகில் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தார்கள். உடனே எல்லோரும் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தார்கள். இப்போது கண் பிழைத்தது, ஆனால் ஆக்சிஜன் போதாமல் குழந்தைகள் இறந்தார்கள். அளவறிந்து கொடுப்பது எவ்வளவு கஷ்டம் பாருங்கள்.

இது வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 1996ல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்தில் 1250 கிராம் எடையுடன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கண் பரிசோதனை உரிய காலத்தில் செய்யப்படாததால் பார்வை பறிபோனது. தந்தை வழக்குத் தொடுத்தார். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பத்தொன்பது வருடப் போராட்டம்! எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில், 2008 முதல் கிராமப்புற மருத்துவமனைகளுக்கே கேமராவோடு போய்க் குறைமாதக் குழந்தைகளின் கண்ணைப் படம் எடுத்து, பெங்களூரு நிபுணர்கள் பார்க்கும் திட்டம் நடைபெற்று வருகிறது.

மூச்சும் இருபத்திரண்டு வருடத் தாமதமும்

1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முன்னதாக, 2.1 கிலோ எடையில். இரண்டே நாளில் மூச்சுத்திணறலில் இறந்தான். உலகின் மிகவும் பலம் வாய்ந்த மனிதரின் பிள்ளைக்கே அன்று வைத்தியம் இல்லை. இன்று நம் மாவட்டத் தலைநகர் மருத்துவமனையிலேயே அப்படி ஒரு குழந்தை பிழைக்க வாய்ப்பு அதிகம்.

காரணம் 1959லேயே தெரிந்திருந்தது. நுரையீரலின் சிறு காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே சோப்பு நுரை போல ஒரு பொருள் பூசியிருக்கும். குறைமாதக் குழந்தைக்கு அது போதாது என்று மேரி எல்லன் ஏவரி கண்டுபிடித்தார். 1980ல் ஜப்பானின் புஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து அந்தப் பொருளை எடுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டார்.

அதற்கும் முன்பே இன்னொரு வழி கிடைத்திருந்தது. நியூசிலாந்தின் லிக்கின்ஸ் ஆடுகளை வைத்துப் பிரசவ வலியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த ஆட்டின் குட்டி, மூச்சு விடவே முடியாத மாதத்தில் பிறந்தும் மூச்சு விட்டது. அவரும் ஹோவியும் சேர்ந்து, குறைமாத வலி வந்த தாய்மார்களுக்கு அதே மருந்தை ஊசியாகப் போட்டு 1972ல் முடிவை வெளியிட்டார்கள். பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் மலிவான ஊசி, குழந்தையின் நுரையீரலைப் பழுக்க வைக்கிறது. மூளையில் ரத்தம் கசிவதையும் குறைக்கிறது என்பது பின்னர் தெரிந்தது.

ஆனால் இதை எல்லோரும் போட வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1994ல்! இருபத்திரண்டு வருடங்கள். நடுவில் வந்த சின்னச் சின்ன ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்க்க நீண்ட காலம் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. தனித்தனி ரசீதுகள் இருந்தும் யாரும் பேரேட்டில் ஏற்றாத கடை போல. ஒரு மருந்தைக் கண்டுபிடிப்பது வேறு, அது படுக்கை வரை போய்ச் சேருவது வேறு.

இந்தியாவில் 2014ல் மத்திய அரசு, கிராம செவிலியரும் முதல் ஊசியைப் போட்டுவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று வழிகாட்டுதல் தந்தது. அடுத்த வருடமே வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. கர்நாடகத்தின் பெலகாவியும் அதில் ஓர் இடம். கிராமங்களில் பரவலாக ஊசி போட்டதில் பலன் தெரியவில்லை, கெடுதல்கூட இருக்கலாம் என்று அது சொன்னது. வாரக் கணக்கு தெரியாமல் முழு மாதத் தாய்மாருக்கும் ஊசி போனது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. 2020ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சந்தேகத்தைத் தீர்த்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், ஸ்கேன் மூலம் வாரத்தைச் சரியாகக் கணித்து, மருத்துவமனையில் வைத்து ஊசி போட்டார்கள். பச்சிளம் குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது.

இதில் நம் ஊருக்கு ஒரு பாடம் இருக்கிறது. முதல் மூன்று மாதத்துக்குள் பதிவு செய்து ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டால், பின்னால் எல்லா முடிவுக்கும் அந்தத் தேதிதான் அடிப்படை.

மூளையில் நடப்பது என்ன?

32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தையின் மூளையில், நீர் நிரம்பிய அறைகளின் ஓரமாக ஒரு மென்மையான திசு இருக்கும். மூளையின் செல்கள் உருவாகும் நாற்றங்கால் அது. அங்குள்ள ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. முழு மாதம் நெருங்கும்போது அந்தத் திசு தானாகவே மறைந்துவிடும். அதற்கு முன் பிறந்தால், ரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போது குழாய் வெடித்து ரத்தம் கசியும். பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் இது நடக்கிறது. குழந்தையின் உச்சிக்குழி வழியாகவே ஸ்கேன் செய்து இதைக் கண்டுபிடிக்கலாம். சிறு கசிவு பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். பெரிய கசிவு ஆபத்தானது.

இன்னொன்று வெள்ளைப் பகுதி பாதிப்பு. மூளையிலிருந்து கால்களுக்குப் போகும் நரம்புப் பாதை இந்த அறைகளின் பக்கத்தில்தான் போகிறது. ரத்த ஓட்டம் குறைந்தாலோ, கிருமித் தொற்று வந்தாலோ முதலில் அடிபடுவது அந்த இடம். லிட்டில் பார்த்த பின்னிய கால்களுக்குக் காரணம் இதுவே. அவர் பார்த்தது சரி, அதன் உட்காரணம் தெரிய நூறு வருடம் ஆயிற்று.

இவை தவிர, சர்க்கரை மிகவும் குறைவது, கவனிக்காத மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவையும் மூளையைக் கெடுக்கும். மூன்றுமே தடுக்கக் கூடியவை.

1995ல் கலிபோர்னியாவில் கரின் நெல்சன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ரத்தக்கொதிப்புக்காக மெக்னீசியம் சல்பேட் கொடுக்கப்பட்ட தாய்மார்களின் எடை குறைந்த குழந்தைகளுக்கு மூளை முடக்குவாதம் குறைவாக இருந்தது. பிறகு நடந்த பெரிய ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின. இன்று மிகக் குறைமாதத்தில் பிரசவம் நிச்சயம் என்றால் இந்த மருந்தும் தாய்க்குத் தரப்படுகிறது. வலிப்பு வரும் தாய்மாருக்காக நம் அரசு மருத்துவமனைகளில் எப்போதும் வைத்திருக்கும் அதே சாதாரண மருந்து!

ஏன் முன்கூட்டியே பிறக்கிறது?

குறைப்பிரசவம் மூன்று வழிகளில் நடக்கிறது. தானாக வலி வருவது ஒன்று. வலிக்கு முன்பே பனிக்குடம் உடைவது இரண்டாவது. தாய்க்கோ சேய்க்கோ ஆபத்து என்று மருத்துவரே முன்கூட்டி எடுத்துவிடுவது மூன்றாவது.

தெரிந்த காரணங்கள் பல. பிறப்புறுப்பிலும் சிறுநீர்ப் பாதையிலும் வரும் கிருமித் தொற்று, தாயின் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை நோய், ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, கர்ப்பப்பை வாய் குட்டையாக இருப்பது, முன்பு ஒருமுறை குறைப்பிரசவம் ஆனது, ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் போதிய இடைவெளி இல்லாதது, புகையிலை, விறகு அடுப்புப் புகை, மிகச் சிறு வயதில் கர்ப்பம். நீண்ட நேரம் நின்று செய்யும் வேலையும் இரவு ஷிப்டும் ஓரளவு ஆபத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

புதிய காரணம் ஒன்றும் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தேவைப்பட்டால் சிசேரியன் உயிர் காக்கும். ஆனால் நாள், நட்சத்திரம், நல்ல நேரம் பார்த்து மாதம் நிறையும் முன்பே எடுக்கச் சொல்வது குழந்தையின் மூச்சோடு விளையாடுவது. மூளை வேகமாக வளரும் கடைசி வாரங்களை ஜாதகத்துக்காகக் கழித்துக்கொள்ள வேண்டுமா?

இவ்வளவு இருந்தும், ஏறக்குறைய பாதிக் குறைப்பிரசவங்களுக்குக் காரணம் என்னவென்று இன்றும் மருத்துவர்களால் சொல்ல முடிவதில்லை. தாயைக் குற்றம் சொல்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

தருமபுரி 2014

கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில் தனி மாவட்டம் ஆகும் வரை தருமபுரியின் பகுதியாக இருந்தது. பெண் சிசுக்கொலையால் தலைப்புச் செய்தியில் வந்த வட்டாரம் இது. 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல் தருமபுரிக்கும் வந்தது. பிறந்த பெண் குழந்தை கணக்கிலேயே வராத ஊரில், குறைமாதக் குழந்தைக்கு யார் கணக்கு வைத்திருப்பார்கள்?

பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 1987ல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை படிப்படியாக உயர்த்தப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் செவிலியர்கள் வந்தார்கள். 2008ல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. மேற்கு வங்கத்தின் புருலியாவில் 2003ல் தொடங்கிய மாவட்ட அளவிலான பச்சிளம் குழந்தைகள் சிறப்புப் பிரிவு என்ற மாதிரி நாடெங்கும் பரவி, தமிழக மாவட்டங்களுக்கும் வந்தது.

இத்தனைக்கும் நடுவில் 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. மாநிலமே அதிர்ந்தது. சென்னையிலிருந்து மருத்துவர் குழு வந்தது. மிகக் குறைந்த எடை, மூச்சுத்திணறல் போன்றவையே காரணம் என்றது அரசு. ஆள் பற்றாக்குறை என்றன எதிர்க்கட்சிகள். இரண்டு தரப்பும் சொன்னதைத் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது. எடை குறைவு என்பது அந்த வாரத்தில் தோன்றிய நோய் அல்ல. அது தாயின் வயிற்றில், அதற்கும் முன் அவள் சாப்பிட்ட தட்டில், அதற்கும் முன் அவளுக்குக் கல்யாணம் ஆன வயதில் தொடங்கிய கதை.

2020ல் தமிழ்நாட்டின் சிசு மரணம் ஆயிரத்துக்கு 13. இந்திய சராசரி 28. இது பெரிய சாதனைதான். 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரிக்கும் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது.

குளிர வைத்துப் பார்த்த கதை

பிரசவத்திலா கருவிலா என்ற பழைய வழக்குக்குத் திரும்புவோம். அமெரிக்காவில் 50,000க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்து, நெல்சனும் எல்லன்பெர்க்கும் 1986ல் ஒரு முடிவு சொன்னார்கள். மூளை முடக்குவாதத்தில் பிரசவ நேர மூச்சுத்திணறலின் பங்கு சிறியதே! பிராய்டு சொன்னது ஏறக்குறைய நூறு வருடம் கழித்து எடுபட்டது.

ஆனால் லிட்டிலும் முழுக்கத் தோற்கவில்லை. மூச்சுத்திணறிப் பிறந்த முழுமாதக் குழந்தையின் உடலை 33.5 டிகிரிக்கு 72 மணி நேரம் குளிர வைத்தால் மூளைச் சேதம் குறைகிறது என்று 2005ல் நிரூபிக்கப்பட்டது. அமெரிக்காவில் இந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர் சீதா சங்கரன். வளர்ந்த நாடுகளில் இது வழக்கமான சிகிச்சை ஆகிவிட்டது. நம் ஊரிலும் குறைந்த செலவில் இதைச் செய்ய வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் புதிய கருவிகள் முயன்று பார்க்கப்பட்டன.

இது நம் குழந்தைகளுக்கும் உதவுமா என்று இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் ஏழு பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் ஆய்வு நடந்தது. சென்னை, பெங்களூரு மருத்துவமனைகளும் அதில் உண்டு. 2021ல் வந்த முடிவு யாரும் எதிர்பார்க்காதது. குளிர வைத்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தார்கள். சாதாரண சிகிச்சை பெற்றவர்களில் 31 சதவீதம். அங்கே உயிர் காத்த வைத்தியம் இங்கே இறப்பைக் கூட்டியது.

ஏன்? நம் குழந்தைகள் பலருக்கு மூளைப் பாதிப்பு பிரசவத்துக்கு முன்பே, மெதுவாக, நீண்ட நேரமாக நடந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குளிர வைப்பது புதிதாக நடந்த சேதத்துக்குத்தான் மருந்து. பழைய சேதத்துக்கு அது பயன்படாது. லண்டனில் தொடங்கிய வழக்குக்கு நம் மண்ணிலிருந்தும் ஒரு சாட்சி கிடைத்தது. இங்கே போர் பிரசவ அறைக்கு வெளியே, பல மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது.

உத்தனப்பள்ளிக்கு இதில் என்ன?

இந்தச் சாலையில் இன்று ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் பலர் அறியாத ஒரு பிரிவு இருந்தது. குறைப்பிரசவத்தால் வரும் உடல்நலக் குறைவுக்கு, வழக்கமான பிரசவ விடுப்புக்கு மேல் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு கூடுதல் விடுப்பு. கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்தில் நீண்ட நேரம் நிற்கும் வேலையை மறுக்கும் உரிமையும் இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவை தொடர்கின்றன. கேட்டால்தான் கிடைக்கும், தெரிந்தால்தான் கேட்க முடியும்.

மற்றவை எல்லாம் சின்ன விஷயங்கள்தான். 18 வயதுக்கு முன் கல்யாணம் வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் பதிவு, ஸ்கேன். இரும்புச்சத்து மாத்திரையைப் பரணில் போடாமல் சாப்பிடுவது. சிறுநீர் எரிச்சலை 'சூடு' என்று விட்டுவிடாமல் காட்டுவது. கால் வீக்கம், தலைவலி, நீர் கசிவு, மாதத்துக்கு முன் வலி என்றால் விடியட்டும் என்று காத்திராமல் 108க்குப் போன் செய்வது. குழந்தையை வயிற்றுக்குள் வைத்தே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போவது, பிறந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவதைவிடப் பல மடங்கு மேல். தாயின் வயிற்றை விடச் சிறந்த இன்குபேட்டர் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை முடியவில்லை. கங்காரு முறை, தாய்ப்பால், கண் பரிசோதனை, காது பரிசோதனை. தலை நிற்கவில்லை, கை இறுக்கமாக இருக்கிறது என்றால் "வளர்ந்தா சரியாயிடும்" என்று இருக்காமல் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குக் கொண்டு போவது. குழந்தையின் மூளை முதல் இரண்டு வருடங்களில் மிக வேகமாக வளர்வதால், அப்போது தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

160 வருட ஆராய்ச்சி சொல்வது ஒன்றுதான். குறைப்பிரசவம் ஒரு பெண்ணின் தவறு அல்ல. பாதிக்குக் காரணமே தெரியாது. மீதிப் பாதியில் பெரும்பாலானவை அவள் கையில் மட்டும் இல்லாதவை. அவள் என்ன சாப்பிட்டாள், எந்த வயதில் மணமுடித்தாள், எத்தனை மணி நேரம் நின்றாள், ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது என்பதையெல்லாம் தீர்மானிப்பதில் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. கிரகணத்துக்கும் பப்பாளிக்கும் கொடுக்கும் கவனத்தில் பாதியை இவற்றுக்குக் கொடுத்தாலே போதும், பல குழந்தைகள் பிழைக்கும், ஓடும், பள்ளிக்கூடம் போகும்.